மங்கா அத்தை மடித்த மூலை

சலங்குப் படகில் இனிமேல் வீட்டுச் சரக்கு ஏற்றக் கூடாதாம். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாள் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பாரம் குறைந்தால் ஆள் பிழைப்பான் என்று நினைக்கிறார். நல்ல எண்ணந்தான். ஆனால் பாரத்தைக் குறைக்க வந்தவர் நேராகப் போய் அணியத்தில், படகின் முன்மூக்கில், கை வைத்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது சலங்கில் துடுப்புத் தண்டு வலிக்கிற ஆட்கள் நேற்று என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். "நைனா, நீ தண்டேலா இருந்தப்போ பங்குனி மொத கப்பலுக்கு அணியத்துல பொம்பளைங்க கூடைய வச்சிகினுதானே போவே? இன்னாத்துக்குனு மேலாள் கேக்கறாரு. எங்களுக்குச் சொல்லத் தெரில" என்றார்கள். "போங்கடா, யோசிச்சிச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு, முறத்தில் காய்ந்த இறாலை, எங்கள் பேச்சில் எராவை, புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி பொன்னி, தலை நிமிராமல், "அக்கா கதையச் சொல்லேன்" என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை அவளாக எடுத்தது அதுதான் முதல் தடவை. கோட்டைப் பக்கத்துப் பள்ளியில் சின்ன வயதில் பழகிய எழுத்து கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் கப்பல்கள் பழவேற்காட்டுக் கரையை ஒட்டி வர முடியாது. ஆழம் போதாது. அவை கடலில் தள்ளி நிற்கும். துணி மூட்டை, அரிசி, தண்ணீர்ப் பீப்பாய், மனிதர், எல்லாவற்றையும் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கொண்டுபோகிற படகுதான் சலங்கு. அதில் ஆணி ஒன்றும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகை அலை உடைத்துவிடும். சலங்கு வளைந்து கொடுக்கும். அதை நடத்துகிறவன் தண்டேல். நான் முதலில் தண்டு வலித்தேன், பிறகு தண்டேல் ஆனேன், இப்போது தோள் போய் வீட்டில் இருக்கிறேன். என் நைனாவும் தண்டு வலித்தவர்தான். வேறு வேலை பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் வருஷம் முழுக்கக் கையில் கொப்புளம், முதுகில் உப்பு, வயிற்றில் பசி. அதைச் சொல்லி இன்னா ஆகப் போகிறது.

என் தண்டேலின் பெயர் சின்னையா. பெயர்தான் சின்னையா, ஆள் பனைமரம். வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவர் சத்தம் போட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. பின்பக்கம் சுக்கான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மெல்லுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். அது கேட்கிறவரை பயமில்லை. மெல்லுவது நின்றால் முதுகெலும்பு நிமிர்ந்துவிடும். அலை பெரிதாக வருகிறது என்று அர்த்தம்.

பழவேற்காட்டுக் கடலில் பெரிய அலைகள் கூட்டமாக வரும். ஒன்றன் பின் ஒன்றாக வந்து அடித்துவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும். அதை நாங்கள் கடல் மூச்சு விடுகிறது என்போம். அந்த மூச்சுக்குள் சலங்கைத் தாண்டவைக்க வேண்டும். அவசரப்பட்டவன் கவிழ்வான். தயங்கினவனும் கவிழ்வான். சின்னையா தண்டேல் கரைக்கும் அலைக்கும் நடுவே சலங்கை நிறுத்திவைத்து, அலைகளைப் போகவிட்டுக்கொண்டே இருப்பார். கப்பலில் இருந்து துரைமார் கை ஆட்டிக் கூப்பிடுவார்கள். கரையில் இருந்து வியாபாரிகள் திட்டுவார்கள். அவர் மென்றுகொண்டே இருப்பார். பிறகு வெற்றிலையைத் துப்புவார். அதுதான் உத்தரவு. நாங்கள் உயிரைக் கொடுத்து வலிப்போம். அவர் துப்பிய பிறகு சலங்கு கவிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி வீட்டுச் சரக்கு. ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் கடல் எங்களை அண்டவிடாது. கப்பலும் வராது. மாசி பிறந்து வெயில் ஏறினால்தான் ஊருக்கு உயிர் வரும். வேப்பமரம் பூக்கும். ஏரித் தண்ணீர் வற்றி எரா கூட்டமாக விழும். திருப்பாலைவனம் பக்கத்து நெல் விவசாயிகள் மாவடுவையும் பனங்குருத்தையும் வண்டியில் கொண்டுவந்து, கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம் எந்த வீட்டிலும் யாரும் சும்மா இருக்க முடியாது. எரா காயப்போடுகிறவள், மாவடுவுக்கு உப்பும் கடுகும் அரைக்கிறவள், ஓலை கிழிக்கிற கிழவன், காக்கை விரட்டுகிற குழந்தை. புருஷன்மார் மட்டும் ருசி பார்க்கிறேன் என்று பானையில் கையை விட்டு அடி வாங்குவார்கள்.

பங்குனியில் வருகிற முதல் கப்பலுக்கு முதல் சலங்கு போகும்போது, அதன் அணியத்தில் வீட்டுக்கு ஒரு கூடை போகும். மாதக்கணக்கில் உப்புக்கண்டம் தின்று நாக்குச் செத்த மாலுமிகள் அந்தக் கூடைகளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். மாவடுவைக் கொடுத்துவிட்டு ஊசி வாங்கி வருவோம். எராப்பொடிக்கு ஒரு கத்தி, ஓலைப்பெட்டிக்கு ஒரு கண்ணாடிப் புட்டி.

ஆனால் எந்தக் கூடையும் அப்படியே ஏறிவிடாது. சலங்கு புறப்படுகிற அன்று காலையில் எல்லாக் கூடைகளையும் கரையில் இறக்கித் திறந்துவைக்க வேண்டும். ஒரு வீட்டுச் சரக்கை இன்னொரு வீட்டார் எடுத்துத் தின்ன வேண்டும். பக்கத்து வீட்டில் சண்டை என்றாலும் அன்றைக்குத் தின்றாக வேண்டும். "நம்மூரு சரக்க நாமே தொடலன்னா கப்பல்காரன் இன்னாத்துக்குத் தொடணும்?" என்பார் சின்னையா தண்டேல். கடைசியாக அவர் வந்து ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பார். ஒரு வருஷம் அவருடைய சம்சாரத்தின் எராவில் மண் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கூடையை மூடி அந்தம்மாள் தலையிலேயே தூக்கிவைத்தார். அந்தப் பங்குனி முழுக்க அவர் எங்கள் வீடுகளில்தான் சாப்பிட்டார்.

என் அத்தை மங்காவின் கூடையை மட்டும் அவர் மோந்து பார்க்காமலே ஏற்றுவார். அவளுடைய எரா வெயில் பார்த்துக் காய்ந்த எரா. அதைவிட அவளுடைய ஓலைப்பெட்டிகள். மூடி போட்ட சதுரப் பெட்டிகள். தண்ணீர் தெளித்தால் உள்ளே இறங்காத அளவுக்கு நெருக்கமாக முடைவாள். ஆனால் ஒரு குறை இருந்தது. எப்போதோ கெளுத்தி முள் குத்தி அவளுடைய வலது மோதிர விரல் மடங்கிப்போயிருந்தது. முடிக்கிற மூலையில் அந்த விரல் ஓலைக்கு அடியில் போகாது. அதனால் அந்த ஒரு மூலையை மட்டும் இரட்டையாக மடித்து முடிப்பாள். மூலை புடைத்திருக்கும், மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். "மங்கா பொட்டி கல்யாணப்பொண்ணு மாதிரி தலைய சாச்சிகினு கீது" என்று தண்டேல் கேலி செய்வார்.

அத்தைக்கும் எல்லப்பன் மாமாவுக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் நாகு, இளையவள் பொன்னி. நாகு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி முடையக் கற்றவள். விரல் பத்தும் நன்றாக இருந்தும், முடிக்கிற மூலையை அம்மாவைப் போலவே இரட்டையாக மடித்தாள். அப்படித்தான் மடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பொன்னி அப்படி இல்லை. "இன்னாத்துக்கு ஒரு மூல மட்டும் கூனா இருக்கணும்?" என்று கேட்டு, நான்கு மூலையையும் தட்டையாக முடித்தாள். இரண்டு பேரையும் அளந்துவிட இந்த ஒன்று போதும்.

எங்கள் ஊரில் பெட்டிக்கு ஒரு முறை உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். முடைகிறவளுடைய கை ஒரு ஜாண்தான் பெட்டியின் பக்கம். யார் பெட்டி என்று ஜாண் வைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். பெண்குழந்தை முடைகிற முதல் பெட்டியை விற்க மாட்டார்கள். அது தாய்க்குப் போகும். தாய் இல்லாத பெண் என்றால் தாயைப் பெற்றவளுக்குப் போகும். வாங்கிக்கொண்டவள் சும்மா இருக்கக் கூடாது. அந்தக் குழந்தையின் ஜாண் அளவில் தானும் ஒரு பெட்டி முடைந்து, மாவடு வைத்துக் கொடுக்க வேண்டும். பங்குனிதோறும் அப்படிக் கொடுக்க வேண்டும், குழந்தையின் கை தன் கை அளவுக்கு வளரும்வரை. அதற்கப்புறம் அவள் பாடு. எங்கள் ஊர் ஆண்களுக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும்.

நாகு எனக்கு முறைப்பெண். அடுத்த தையில் கல்யாணம் என்று பேச்சு. அவள் கோட்டையை ஒட்டிய தெருவில் ஒரு ஒல்லாந்தர் வீட்டில் ஆயாவாக வேலை பார்த்தாள். அந்த வீட்டு அம்மாள் காய்ச்சலில் செத்துப்போனாள். விட்டுப்போன பெண்குழந்தை நாகுவின் மடியைத் தவிர வேறு எங்கும் தூங்காது. அந்தச் சமயம் பார்த்து அந்தத் துரைக்குக் கடலுக்கு அப்பால், கிழக்கே ஒல்லாந்தரின் பெரிய துறையான பத்தாவிக்கு மாற்றலாயிற்று. குழந்தைக்காக நாகுவையும் வரச் சொல்லிக் கேட்டார். இரண்டு பங்குனிக்குள் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அத்தை ஒரு வாரம் ஓலையைக் கையால் தொடவில்லை. நான் நாகுவிடம் நேராகவே கேட்டேன், "போயே ஆவணுமா?" என்று.

"அது தாயில்லாப் புள்ள மாமா. எம் மடில தூங்குது. தூங்கும்போது வுட்டுட்டு வர்றதா, முழிச்சிகினு இருக்கும்போது வுட்டுட்டு வர்றதா? நீயே சொல்லு" என்றாள்.

அவளைக் கப்பலுக்குக் கொண்டுபோன சலங்கில் நானும் தண்டு வலித்தேன். அணியத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தக் குழந்தை, மடியில் அத்தை கொடுத்த பெட்டி நிறைய மாவடு. தண்டு வலிக்கிறவன் முகம் எப்போதும் பின்பக்கம்தான் இருக்கும். அணியத்தை அவனால் பார்க்க முடியாது. வழி நெடுக அவள் குழந்தையிடம் எதையோ சொல்லிச் சிரிப்புக் காட்டுகிற சத்தம் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. சின்னையா தண்டேல் அன்றைக்கு அலைகளை வழக்கத்தைவிட அதிக நேரம் போகவிட்டார். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. கப்பலை அண்டியதும் அவளைத் தூக்கி ஏற்றிவிட்டோம். மேலே போய்க் குனிந்து, "கல் உப்புப் போடச் சொல்லு, அம்மா மறந்துடும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

அடுத்த பங்குனியில் அத்தை கூடையோடு இன்னொரு பெட்டியும் கொண்டுவந்தாள். உள்ளே மாவடு, மேலே எராப்பொடிப் பொட்டலம். பத்தாவிக்குப் போகிற கப்பலின் சமையற்காரனிடம் கொடுத்து, நாகுவிடம் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்த வீடே அந்த ஒரு பெட்டிக்காக உழைத்தது. குருத்தோலை தேர்ந்தெடுத்தது மாமா, எராவை இடித்தது பொன்னி. கல் உப்பு வாங்கிக்கொடுத்தது நான்.

அன்றைக்குக் கடல் சரியில்லை. நடுவழியில் மெல்லுகிற சத்தம் நின்றது. சலங்கில் தண்ணீர் ஏறிவிட்டது, பாரம் குறைத்தாக வேண்டும். தண்டேல் அணியத்தைக் கையால் காட்டினார். அவரவர் வீட்டுக் கூடையை அவரவரே எடுத்துக் கடலில் எறிந்தோம். மேலாள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் என்று வந்தால் வியாபாரி மூட்டைக்கு முன்னால் எங்கள் சரக்கைத்தான் எறிவோம். யாரும் முணுமுணுத்ததில்லை. நான் அத்தையின் பெட்டியைத் தூக்கினபோது மட்டும், "அதக் கீழ வை. அது இன்னா பாரம்" என்றார் தண்டேல். அதைத் தன் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நின்றார். கப்பலுக்குப் போனபோது அவருடைய கணுக்காலெல்லாம் ஓலை கீறி ரத்தம். அவருடைய சொந்த வீட்டுக் கூடை கடலோடு போயிருந்தது.

இரண்டு பங்குனி கழிந்தது. நாகு வரவில்லை. மூன்றாவதும் கழிந்தது. பத்தாவியில் இருந்து வருகிற கப்பல்களில் கேட்போம். ஒருவன் பார்த்தேன் என்பான், விவரம் கேட்டால் வேறு யாரையோ சொல்வான். அந்தத் துரை வேறெங்கோ இன்னும் கிழக்கே போய்விட்டதாக ஒருவன் சொன்னான். பெட்டி மட்டும் வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி எனக்குப் பொன்னியைக் கட்டிவைத்தார்கள். நான் மறுக்கவில்லை. பொன்னியும் மறுக்கவில்லை. நாங்கள் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம், வாழ்கிறோம். பங்குனி வந்தால் மட்டும் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிடும். எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். சின்னையா தண்டேல் போய்ச் சேர்ந்தார், சுக்கான் துடுப்பு என் கைக்கு வந்தது. எனக்கு வெற்றிலை பழக்கமில்லை. மூச்சு வரும்போது நான் செருமுவேன். ஆட்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள்.

எங்கள் பெண் ஓடி விளையாடுகிற வயதில், ஒரு பங்குனியில், முதல் கப்பலில் ஏறிக் கூடைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டணத்து மாலுமி ஒருவன் வந்து, "சலங்குத் தொறைல மங்காங்கறது யாருங்க?" என்றான். அத்தையென்று சொன்னேன். உள்ளே போய் ஒரு சின்ன ஓலைப்பெட்டி கொண்டுவந்து கையில் வைத்தான். இலங்கைத் துறையில் வேறொரு கப்பல்காரன் அவனிடம் கொடுத்ததாம். அந்தக் கப்பல்காரனிடம் கொடுத்தவன் யாரென்று இவனுக்குத் தெரியாது. பழவேற்காடு, சலங்குத் துறை, மங்கா, இந்த மூன்று வார்த்தைதான் பெட்டியோடு கை மாறி வந்திருக்கிறது.

நான் பெட்டியைத் திருப்பினேன். ஒரு மூலை புடைத்திருந்தது. இரட்டை மடிப்பு. மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கரைக்கு வந்த வழி எனக்கு நினைவில்லை. அன்றைக்குச் சலங்கைத் தாண்டவைத்தது நானா, கடலா என்றுகூடத் தெரியாது. ஈர வேட்டியோடு அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நாகு பொட்டி அனுப்பிச்சிகீறா" என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் அந்த மூலையைத்தான் தடவினாள். "ஆமாண்டா. நம்ம மூலதான்" என்றாள். மாமா உள்ளேயிருந்து வந்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். யாரோ ஒருத்தி வெல்லத்தை உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு கையில் வைத்தாள். பொன்னி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவளிடம் மறைக்கவில்லை, மறைக்க முடியவும் இல்லை.

அத்தை பெட்டியின் மேல் ஜாண் வைத்தாள். கட்டைவிரல் ஒரு மூலையில் இருக்க, சுண்டுவிரல் பெட்டியைத் தாண்டி வெளியே போயிற்று. மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"இது நாகு முடைஞ்சது இல்ல. நாகு கை எங் கைய விடப் பெரிசு. இது கொயந்த கை."

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ பேத்திடி. தொர வூட்டுப் பொண்ணு இந்நேரம் பெரிசாயிருக்கும், இது அது இல்ல. நாகுக்குப் பொண்ணு பொறந்து, அது பொட்டி முடையற அளவுக்கு வளந்துகீது. நாம இங்க ஒக்காந்துகினு அயுதுகினு கீறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாகு எங்கேயோ குடும்பமாக, குழந்தையாக இருக்கிறாள் என்பது எனக்கு அந்த நேரத்தில் வலிக்கவில்லை, நிம்மதியாகவே இருந்தது.

அத்தை சிரிக்கவில்லை. பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பனையோலை இல்லை, எங்களுக்குத் தெரியாத ஏதோ அகலமான ஓலை. சில இடத்தில் தளர்ந்திருந்தது. சில இடத்தில் கிழிந்துபோய் மேலே இன்னொரு ஓலை வைத்துச் சமாளித்திருந்தது.

"மொதப் பொட்டி" என்றாள்.

பெண்களின் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு மாமாவின் சிரிப்பு நின்றது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. அத்தை என்னைப் பார்த்து, "மொதப் பொட்டி யாருக்குடா போவும்?" என்றாள்.

"தாய்க்கு" என்றேன்.

"தாய்க்குப் போவாம எங்கிட்ட வந்துகீதே."

வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அப்படியே நின்றார்கள். நான் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பொன்னியின் எதிரே, ஊரின் எதிரே, வெட்கமில்லாமல் அழுதேன். பொன்னி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனது அவளுக்கு அக்கா இல்லையா. அவளும் அழுதாள். அத்தை மட்டும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிகீறா. யாருக்கு அனுப்பணும்னு அதுங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிகீறா. எவ்ளோ நாளு படுத்துகினு இருந்தாளோ, யாரு தண்ணி குடுத்தாங்களோ" என்றாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு, அத்தை எங்கள் பெண்ணைக் கூப்பிட்டாள். "கைய விரிச்சி வைடீ" என்று, அவளுடைய ஜாணை ஓலையில் அடையாளம் வைத்தாள். வந்த பெட்டி கடல் தாண்டி வருவதற்குள் அந்தக் கை வளர்ந்திருக்கும், இரண்டு குழந்தைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயதாக இருக்கும் என்பது அவள் கணக்கு. அந்தச் சின்ன அளவில் ஒரு பெட்டி முடைந்து, மாவடு வைத்து என்னிடம் கொடுத்தாள். "மொற இருக்குதில்ல" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பங்குனியும் அப்படியே. எங்கள் பெண் ஓடிவந்து கையை விரிப்பாள். அவளுக்கு அது விளையாட்டு. போன வருஷத்தைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குதிப்பாள். அத்தை ஒரு விரற்கடை பெரிதாக அடையாளம் வைப்பாள். பெயர் தெரியாத, முகம் தெரியாத, எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று தெரியாத ஒரு பெண்ணின் கை எங்கள் முற்றத்தில் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. கப்பல் சமையற்காரனிடம் நான் இன்னா சொல்லிக் கொடுப்பேன்? "பத்தாவிப் பக்கத்துல, இந்த மாதிரி மூல மடிச்சிப் பொட்டி முடையற பொண்ணு ஒண்ணு கீது, அதுங்கிட்ட குடு" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் தலையாட்டி வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒன்றாவது போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். மறுபடி ஒரு பெட்டி வரவில்லை.

மாமா முதலில் போனார். பிறகு ஒரு மாசியில் அத்தையைக் காய்ச்சல் படுக்கவைத்தது. அந்த வருஷம் எங்கள் பெண்ணின் ஜாண் அத்தையின் ஜாணைத் தொட்டுவிட்டது. கையோடு கை வைத்துப் பார்த்து, "இதான் கடைசிப் பொட்டி. இனிமே அவ கை எங் கை. அவ பாத்துப்பா" என்றாள் அத்தை. படுத்துக்கொண்டே முடைந்தாள். பெட்டி முடிந்தது. மூடி முடியவில்லை. அதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு பகலில் பொன்னி அந்த மூடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வேகமான கைக்காரி. மளமளவென்று முடைந்து, தன் வழக்கப்படி கடைசி மூலையைத் தட்டையாக மடித்து முடித்தாள். அழகாக இருந்தது. தூக்கிப் பார்த்தாள். பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். பெட்டி மூலை புடைத்திருந்தது, மூடி மூலை தட்டையாக இருந்தது.

பிறகு அந்த மூலையைப் பிரித்தாள். தன் வலது மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, புடவைக் கிழிசலால் கட்டிக்கொண்டாள். மிச்ச விரல்களால், தட்டுத் தடுமாறி, அம்மா மடித்த மாதிரியே இரட்டையாக மடித்தாள். "இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு எப்டித் தெரியும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அந்தப் பங்குனிதான் நான் சுக்கான் பிடித்த கடைசிப் பங்குனி. கரையில் எல்லோரும் கூடைகளைத் திறந்து, ஒருவர் வீட்டுச் சரக்கை ஒருவர் தின்றார்கள். பொன்னியின் பெட்டியை நான் மோந்து பார்க்கவில்லை. அணியத்தில் நானே வைத்தேன். அது பெரிய இடமொன்றும் அடைக்கவில்லை.